பூட் கிராமத்துக்கு எந்த வழியாகப் போகக் கூடாது

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் இங்கிலாந்தில் இருக்கும் நம்மவர்கள் தவறாமல் அழைத்துப் போகும் இடங்களில் வடமேற்கு மூலையில் ஏரிகளும் மலைகளுமாக இருக்கும் தேசியப் பூங்காவான லேக் டிஸ்ட்ரிக்டும் ஒன்று. வின்டர்மியர் ஏரியில் ஒரு படகுச் சவாரி, கடைத்தெருவில் ஐஸ்கிரீம், அன்னங்களோடு போட்டோ, இருட்டுவதற்குள் வீடு. அதில் குறை ஒன்றுமில்லை. ஆனால் மலைக்கு அந்தப் பக்கம், மேற்கே, கூட்டமே இல்லாத பள்ளத்தாக்குகள் இருக்கின்றன. அங்கே தங்கலாம் என்று நினைப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எனக்கு முன்னால் போய்வந்த யாராவது ஒருவர் தமிழில் நாலு வரி எழுதி வைத்திருந்தால் என் பணமும் மிஞ்சியிருக்கும், அம்மாவின் ரத்த அழுத்தமும் கட்டுக்குள் இருந்திருக்கும்.

நான் தேர்ந்தெடுத்த ஊர் பூட். எஸ்க்டேல் என்ற பள்ளத்தாக்கின் மேல்கோடியில் கருங்கல் வீடுகள் சில, குடிக்கவும் சாப்பிடவும் ஓரிரு பப், ஒரு பழைய தண்ணீர் ஆலை, சுற்றி மலை. இங்கே மலைகளை ஃபெல் என்பார்கள். இங்கிலாந்திலேயே உயரமான ஸ்காஃபெல் பைக் (978 மீட்டர்) இதற்கு வடக்கே, மலைமேட்டுக்கு அப்பால். நாட்டிலேயே ஆழமான ஏரியான வாஸ்ட்வாட்டரும் பக்கத்துப் பள்ளத்தாக்கில். வரைபடத்தில் பார்த்தால் எல்லாமே கைக்கெட்டும் தூரம். அங்கேதான் ஏமாந்துபோகிறோம். இந்தப் பகுதியின் பள்ளத்தாக்குகள் நடுவிலிருக்கும் மலைக்கூட்டத்திலிருந்து மாட்டுவண்டிச் சக்கரத்து ஆரக்கால்கள்போல நாலாபுறமும் ஓடுகின்றன. ஒரு ஆரக்காலிலிருந்து அடுத்ததற்குப் போக இரண்டே வழி: ஒன்று விளிம்பைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும், இல்லையென்றால் மலையைத் தாண்ட வேண்டும். வின்டர்மியர் ஏரியின் வடமுனையில் இருக்கும் ஆம்பிள்சைடிலிருந்து பூட்டுக்கு மலைவழியாக இருபத்தைந்து கிலோமீட்டர்கூட இல்லை. கடற்கரைப் பக்கமாகச் சுற்றினால் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். வண்டியில் வழிகாட்டும் கருவியான சாட்நாவ் எதைக் காட்டும் என்று சொல்லத் தேவையில்லை.

கணவர் வேலை விஷயமாக வெளிநாட்டில், எங்கள் கார் பட்டறையில். அதனால் வாடகைக்கு ஒரு வண்டி. என்னிடம் இருப்பது மேனுவல் லைசென்ஸ்தான் என்றாலும் வருஷக்கணக்காக ஓட்டுவது ஆட்டோமேட்டிக். அதையேதான் பதிவு செய்து முழுப்பணமும் கட்டியிருந்தேன். கவுன்டரில் இருந்த பையன் கணினியைப் பார்த்தபடியே, "ஆட்டோமேட்டிக் எல்லாம் வெளியே போய்விட்டது, இந்த மேனுவல்தான் இருக்கிறது, புது வண்டி, பிரமாதமாக ஓடும்" என்றான். வங்கி விடுமுறை வாரம். பின்னால் நீண்ட வரிசை. அப்பா பெட்டிகளோடு வாசலில். தங்கும் வீட்டுக்குக் கட்டிய பணம் திரும்ப வராது. சாவியை வாங்கிக்கொண்டேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். பதிவு உறுதிக் கடிதத்தில் "அல்லது இதைப்போன்ற வண்டி" என்று ஒரு வரி இருக்கும். நிறமும் கம்பெனியும் மாறுவதற்குத்தான் அந்த வரி. கியர் முறையையே மாற்றுவதற்கு அல்ல. மாற்றித் தந்தால், "நான் கேட்டது ஆட்டோமேட்டிக், உங்களிடம் இல்லாததால் மேனுவல் தருகிறீர்கள்" என்பதை அங்கேயே ஒப்பந்தத் தாளில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் கவுன்டர் முன்னால் நின்றபடியே அவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் தட்டிவிடுங்கள். நான் வாசலில் வண்டியைச் சுற்றி வீடியோ எடுத்தபோது கூடவே இதையும் வாயால் சொல்லிப் பதிவு செய்திருந்தேன். பிற்பாடு எனக்குத் துணை நின்றது அந்த ஒரு வீடியோதான். இன்னொன்று: கவுன்டரில் விற்கும் கூடுதல் காப்பீடு, வெளியே மலிவாக வாங்கும் எக்சஸ் காப்பீடு (சேதத்தில் நம் தலையில் விழும் பங்கைத் திருப்பித் தருவது), இரண்டிலும் கிளட்ச் என்ற சொல்லைத் தேடிப் படியுங்கள். பல பாலிசிகளில் அது ஓட்டுநர் செய்த சேதம் என்று ஒதுக்கப்பட்டிருக்கும்.

வின்டர்மியர் வரை ஒரு குறையும் இல்லை. படகில் போனோம், அம்மா குளிரில் சால்வைக்கு மேல் சால்வை போர்த்திக்கொண்டு ரசித்தாள். ஆம்பிள்சைட் தாண்டி லிட்டில் லாங்டேலுக்குள் திரும்பியதும் சாலை ஒரு கார் அகலத்துக்குச் சுருங்கியது. சாலையோரத்தில் செங்குத்தான ஏற்றம், கடும் வளைவுகள், மிகுந்த எச்சரிக்கை தேவை என்று பலகை. அதைப் படிக்கும்போது பின்னால் இரண்டு வண்டிகள் நிற்கின்றன, திரும்ப இடமில்லை. முதலில் வருவது ரைனோஸ் கணவாய். அதன் உச்சியில் ஒரு உயரமான நடுகல் இருக்கிறது. லங்காஷயர், கம்பர்லாந்து, வெஸ்ட்மோர்லாந்து என்ற மூன்று பழைய மாவட்டங்களும் சந்தித்த எல்லை அது. நிறுத்தி இறங்கிப் பார்த்தோம். அதுவரை எனக்குத் தைரியம் இருந்தது. அப்பா நெடுஞ்சாலைத் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இறங்கி நின்று சாலையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஏம்மா, மலை ரோட்டுக்கு நாங்க இருபதுக்கு ஒண்ணுதான் வைப்போம். இவன் என்ன நேரா சுவத்துல ஏத்தியிருக்கான்?" என்றார். நான் சிரித்தேன். ஹார்ட்நாட் இன்னும் வரவில்லை.

ஹார்ட்நாட் கணவாயின் உச்சியும் ரைனோஸைப் போல 393 மீட்டர்தான். நம் ஊர் மலைகளோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை. ஆனால் சரிவு இடத்துக்கு இடம் மூன்றுக்கு ஒன்று. அதாவது மூன்று மீட்டர் முன்னால் போவதற்குள் ஒரு மீட்டர் ஏறியிருப்பீர்கள். கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் டவுன் பஸ்ஸில் தூங்கிக்கொண்டே கடந்த என் அம்மா, இங்கே முதல் வளைவிலேயே கண்ணை மூடிக்கொண்டு கந்த சஷ்டி கவசம் ஆரம்பித்துவிட்டாள். வளைவில் முன்பக்கக் கண்ணாடி வழியாக வானம் மட்டுமே தெரிகிறது, சாலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்பது திருப்பிய பிறகுதான் தெரியும். உச்சிக்குச் சற்று முன்னால் எதிரே ஒரு கேம்பர் வேன். மேலேறும் வண்டிக்கு இறங்கும் வண்டி முடிந்தவரை வழிவிட வேண்டும் என்பது இந்த நாட்டுச் சாலை விதி. அந்த ஓட்டுநருக்குப் பின்னோக்கி ஏறப் பயம்போல, அசையவில்லை. நடு ஏற்றத்தில், ஊசிவளைவில், நான் நின்றேன். பிறகு நடந்தது கிளட்ச் தெரிந்தவர்களுக்குப் புரியும். ஏற முயன்றால் பின்னால் வழுக்குகிறது, ஆக்சிலேட்டரை மிதித்தால் எஞ்சின் அலறுகிறது, வண்டி நகர்வதில்லை. கருகிய நாற்றம் உள்ளே வந்தது. பானட்டின் ஓரத்திலிருந்து புகை. அம்மா கவசத்தை நிறுத்திவிட்டாள். அதுதான் எனக்கு அதிகப் பயத்தைத் தந்தது.

கடைசியில் சைக்கிளில் வந்த ஒருவர் இறங்கி, வேன்காரரைப் பேசிப்பேசி நாலடி பின்னால் ஏறவைத்தார். அரை மணி நேரம் ஆறவிட்டு, அப்பாவையும் அம்மாவையும் இறக்கி நடக்கவைத்து, எடை குறைந்த வண்டியை எப்படியோ உச்சிக்கு ஏற்றினேன். இறக்கம் இன்னும் மோசம். மேற்குப் பக்கச் சரிவுதான் செங்குத்து. ரோமானியக் கோட்டைக்குப் பக்கத்தில் சாலையோரம் சில வண்டிகள் நிற்கும் இடம் வந்ததும் ஒதுக்கினேன். திரும்ப எடுக்கப் பார்த்தபோது எந்தக் கியர் போட்டாலும் எஞ்சின் தனியாகச் சுற்றியது, சக்கரம் அசையவில்லை.

பிறகு பட்டறைக்காரர் ஒருவர் சொல்லித்தந்ததை இங்கே எழுதிவிடுகிறேன். ஏற்றத்தில் நிற்க நேர்ந்தால் கிளட்சைப் பாதி மிதித்து வண்டியைப் பிடித்து வைக்கவே கூடாது. சில நிமிடங்களில் தகடு கருகிவிடும். ஹேண்ட்பிரேக்கை முழுதாக இழுத்து, கியரை நியூட்ரலுக்கு மாற்றி, கிளட்சிலிருந்து காலை எடுத்து நிம்மதியாக நிற்கலாம். எதிர் வண்டி முழுதும் ஒதுங்கி, அடுத்த வளைவுவரை பாதை காலியான பிறகு ஒரே மூச்சில் கிளம்ப வேண்டும். ஒவ்வொரு வளைவுக்கு முன்னாலும் மேலே பார்த்து யாராவது இறங்குகிறார்களா என்று கவனித்துவிட்டு, அகலமான இடத்திலேயே காத்திருப்பது நல்லது. இறங்கும்போது முதல் கியர், பிரேக்கை இடைவெளி விட்டு இடைவெளி விட்டு மிதிக்க வேண்டும். தொடர்ந்து மிதித்தால் சூடேறிப் பிடிமானம் போய்விடும். பனிக்காலத்தில் இந்தப் பக்கமே எட்டிப்பார்க்க வேண்டாம். இவ்வளவும் தெரிந்தாலும், வயதானவர்களை ஏற்றிக்கொண்டு இந்த வழியில் போகாதீர்கள் என்பதுதான் என் கட்சி.

போனில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. பள்ளத்தாக்கில் பல இடங்களில் அப்படித்தான். செம்மறிகளைப் பார்க்க வந்த உள்ளூர்ப் பெண்மணி ஒருவர், வண்டியின் நாற்றத்தைத் தூரத்திலேயே பிடித்துவிட்டு, "கிளட்சா?" என்று கேட்டார். வாரத்துக்கு ஒன்றாவது பார்ப்பாராம். என்னைத் தன் வண்டியில் கீழே பப்வரை கூட்டிப்போய் அங்கிருந்த தொலைபேசியில் பேசவைத்தார். வாடகை நிறுவனத்தின் உதவி எண்ணில் இருந்தவருக்கு ஹார்ட்நாட் என்றால் என்னவென்றே தெரியவில்லை, தபால் குறியீடு கேட்டுக்கொண்டே இருந்தார். நடுமலைக்கு ஏது தபால் குறியீடு? ரோமன் கோட்டை என்று சொல்லியும் விளங்கவில்லை. அந்தப் பெண்மணிதான் ரிசீவரை வாங்கி, வரைபடக் கட்ட எண்ணைச் சொல்லி, பெரிய லாரி அனுப்பாதீர்கள், கணவாய்ப் பக்கமாக வராதீர்கள், கடற்கரைப் பக்கமாகச் சின்ன வண்டியாக வரச்சொல்லுங்கள் என்று விளக்கினார். அப்படியும் ஐந்து மணி நேரம் ஆனது. பிரேக்டவுன் எண், ஒப்பந்த எண், தங்கும் வீட்டின் முகவரி, போகும் வழியின் வரைபடம், இந்த நான்கையும் காகிதத்தில் வைத்திருங்கள். போனுக்குள் இருப்பவை சிக்னல் இல்லாத இடத்தில் கைகொடுக்காது.

அந்த ஐந்து மணி நேரம்தான் அப்பாவுக்குப் பயணத்தின் சிறந்த பகுதி என்று அவரே இப்போதும் சொல்கிறார். அது ஹேட்ரியன் பேரரசர் காலத்தில், கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கட்டிய கோட்டை. கிட்டத்தட்ட மூன்று ஏக்கர், சதுரமாக, நான்கு வாயில்களோடு. இங்கே காவலிருந்த ஐந்நூறு பேர் ரோமாபுரிக்காரர்கள் அல்ல. இன்று குரோஷியா இருக்கும் கடற்கரையிலிருந்து வந்த டால்மேஷியப் படைப்பிரிவு. வெயில் காயும் கடலோரத்திலிருந்து இந்த மழைக்கும் காற்றுக்கும்! கடற்கரையிலிருந்த ராவன்கிளாஸ் கோட்டைக்கும் ஆம்பிள்சைடுக்கும் இடையே ஓடிய ரோமானியச் சாலையைக் காப்பது இவர்கள் வேலை. தானியக் கிடங்கு, தளபதி வீடு, தலைமையகம் எல்லாவற்றின் அடிச்சுவர்களும் தெளிவாக நிற்கின்றன. கோட்டைக்கு வெளியே குளியல் வீடு, அதில் வியர்க்க உட்காரும் வட்டமான ஒரு சூடான அறை. இன்னும் மேலே, மலைச்சரிவை வெட்டிச் சமன்செய்த அணிவகுப்பு மைதானம். அப்பா தானியக் கிடங்கின் தரைக்குக் கீழே காற்றோட்டம் விட்டிருந்ததைக் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா சுவரின் காற்றுப்படாத பக்கத்தில் உட்கார்ந்து, பொட்டலத்தில் மிச்சமிருந்த புளியோதரையைப் பகிர்ந்து கொடுத்தாள். கட்டணம் கிடையாது, காவலாளி கிடையாது, கழிப்பறையும் கிடையாது. கடைசியாகச் சொன்னது பெரியவர்களோடு போகிறவர்களுக்கு முக்கியம். மே மாதக் கடைசி என்பதால் இரவு ஒன்பதரைவரை வெளிச்சம் இருந்தது. அக்டோபராக இருந்திருந்தால் எங்கள் கதை வேறு.

பணக்கணக்கைச் சொல்லிவிடுகிறேன். கிளட்ச் மாற்ற, வண்டியை இழுத்துவர, வண்டி ஓடாத நாட்களுக்கு நஷ்டஈடு, நிர்வாகக் கட்டணம் என்று 1,300 பவுண்டுக்கு மேல் என் கடன் அட்டையில் ஏற்றிவிட்டார்கள். மாற்று வண்டியும் இல்லை. "ஓட்டுநரின் தவறான பயன்பாடு" என்று ஒரே வரி. அழுதேன், ஒளிக்க ஒன்றுமில்லை. அப்பா தன் ஓய்வூதியத்திலிருந்து தருகிறேன் என்றபோது இன்னும் அழுகை வந்தது. ஊர் திரும்பியதும் வீடியோவையும் பதிவு உறுதிக் கடிதத்தையும் இணைத்து, ஆட்டோமேட்டிக் தராதது ஒப்பந்த மீறல் என்று எழுதினேன். அவர்கள் அசையாததால் வாடகை வண்டி நிறுவனங்களின் சங்கமான பிவிஆர்எல்ஏவின் சமரசப் பிரிவுக்குப் போவதாகச் சொன்னேன். அதற்குப் பிறகு ஓடாத நாட்களின் கட்டணத்தையும் ஆட்டோமேட்டிக்குக்கும் மேனுவலுக்கும் உள்ள வித்தியாசத்தையும் திருப்பினார்கள். கையை விட்டுப் போனது சுமார் 900 பவுண்டு. சங்கத்தில் உறுப்பினரல்லாத நிறுவனமாக இருந்தால் இந்த வழியும் இல்லை, அதனால் பதிவு செய்யும் முன்பே அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வண்டி இல்லாமல் பூட்டில் மாட்டிக்கொண்டோம் என்றுதான் முதல் இரவு நினைத்தேன். விடிந்து பார்த்தால், வண்டியே தேவையில்லாத ஊர் அது. வீட்டு வாசலிலிருந்து நடந்தால் வில்லன் பெக் என்ற ஓடையும், அதன்மேல் பொதிக்குதிரைகள் போவதற்காகக் கட்டிய வளைவுப் பாலமும், பாலத்தை ஒட்டி எஸ்க்டேல் ஆலையும். பதினாறாம் நூற்றாண்டிலிருந்து தண்ணீரில் சக்கரம் சுற்றி ஓட்ஸ் அரைத்த இடம். திறக்கும் நாட்கள் பருவத்துக்குப் பருவம் மாறும், கேட்டுவிட்டுப் போங்கள். மறுபக்கம் வயல் சந்து வழியாக இறங்கினால் எஸ்க் ஆற்றங்கரையில் புனித கேத்தரின் தேவாலயம், பக்கத்தில் ஆற்றைக் கடக்க வரிசையாகப் போட்ட கற்கள். வறண்ட நாளில் குழந்தைகள்கூடத் தாண்டுவார்கள். முந்தின இரவு மழை பெய்திருந்தால் கல்லே தெரியாது, முயற்சிக்க வேண்டாம். அங்கிருந்து காட்டு வழியில் ஸ்டான்லி கில் அருவி. பதினெட்டு மீட்டர்தான், குற்றாலத்தை நினைத்துக்கொண்டு போகாதீர்கள். பாசியும் பெரணியும் மூடிய குறுகிய பிளவுக்குள் அது விழும் இடம்தான் அழகு. விளிம்புகள் வழுக்கும், மேலே பார்வை மேடையோடு நின்றுகொள்வது உத்தமம்.

அங்கே மேயும் ஆடுகளின் இனம் ஹெர்ட்விக். குட்டி பிறக்கும்போது கன்னங்கரேல் என்று இருக்கும். வளர வளர முகம் வெளுத்து, உடம்பு முதலில் பழுப்பாகி, பிறகு சாம்பல் நிறமாகும். நாங்கள் போனபோது கறுப்புக் குட்டிகள் சுவரோரம் தாயை முட்டிமுட்டிப் பால் குடித்துக்கொண்டிருந்தன. அம்மா ஒரு காலையை அவற்றோடேயே கழித்தாள். வேலியில்லாத சாலையில் படுத்திருக்கும், ஹாரன் அடித்தாலும் எழுந்திருக்காது.

ஊரின் உண்மையான வரம் ரயில். பூட்டிலிருந்து பத்து நிமிட நடையில் டேல்கார்த் நிலையம், அங்கிருந்து கடற்கரை ராவன்கிளாஸ்வரை பதினொரு கிலோமீட்டர், நாற்பது நிமிடம். தண்டவாளங்களின் இடைவெளி வெறும் பதினைந்து அங்குலம். 1875-ல் பூட் பக்கத்துச் சுரங்கங்களின் இரும்புத் தாதுவை இறக்க மூன்றடி அகலப் பாதையாகத் தொடங்கி, 1913-ல் மூடி, 1915-லிருந்து இந்தச் சின்ன அளவில் மறுபடி போட்டார்கள். 1960-ல் ஏலத்துக்கு வந்தபோது ஆர்வலர்கள் சேர்ந்து காப்பாற்றினார்கள். நீராவி எஞ்சின்களுக்கு எஸ்க், இர்ட், மைட் என்று அங்கே ஓடும் ஆறுகளின் பெயர். திறந்த பெட்டியில் உட்கார்ந்தால் கரித்தூள் கண்ணில் விழும், காற்று காதைத் துளைக்கும். பெரியவர்களுக்கு மூடிய பெட்டி. விடுமுறை நாளில் முன்பதிவு செய்யுங்கள். குளிர்காலத்தில் பெரும்பாலான நாட்கள் ஓடாது. கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்பதை முதலில் பார்த்துவிட்டுத்தான் மற்றத் திட்டம், தவறவிட்டால் டாக்ஸிக்குக் கொட்டிக்கொடுக்க வேண்டும்.

ராவன்கிளாஸ் இந்தத் தேசியப் பூங்காவில் கடலோரத்தில் இருக்கும் ஒரே கிராமம். மூன்று ஆறுகளும் சேரும் கழிமுகம். நிலையத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் மரங்களுக்கு நடுவே ரோமானியக் குளியல் வீட்டின் சுவர்கள் நாலு மீட்டர் உயரத்துக்கு இன்னும் நிற்கின்றன, பூச்சுகூட ஒட்டியிருக்கிறது. அங்கிருந்து ஒன்றரை கிலோமீட்டர் நடந்தால் மன்காஸ்டர் கோட்டை. 1208-லிருந்து பென்னிங்டன் குடும்பத்தின் கையில் இருக்கிறது. ஆந்தைகளையும் பருந்துகளையும் தலைக்கு மேல் உரசிப் பறக்கவிடும் காட்சி நடக்கும், நேரம் பார்த்துப் போங்கள். மே மாதத்தில் ரோடோடென்ட்ரான் பூத்துக் குலுங்கும். நுழைவுக் கட்டணம் அதிகம்தான், பாதி நாளாவது செலவிட்டால் தகும். அங்கே டாம் ஸ்கெல்டன் என்ற கோமாளியின் கதை சொல்கிறார்கள். வாசல் மரத்தடியில் உட்கார்ந்திருப்பானாம். வழி கேட்பவரைப் பிடிக்கவில்லை என்றால் ஆற்றின் புதைமணல் பக்கமாகக் கைகாட்டிவிடுவானாம். அந்தக் காலத்து சாட்நாவ் என்று நினைத்துக்கொண்டேன்.

வாஸ்ட்வாட்டருக்கு மட்டும் ரயில் இல்லை, டாக்ஸிதான். கடற்கரைப் பக்கத்து ஊர்களிலிருந்து வர வேண்டும், இரண்டு நாள் முன்னால் சொல்லிவைத்தால்தான் கிடைக்கும். எங்களுக்குப் போக வர, காத்திருக்க எல்லாம் சேர்த்து 90 பவுண்டு. தண்ணீர் கறுப்பாக, மறுகரையில் மலையுச்சியிலிருந்து நேராக ஏரிக்குள் சரியும் உடைகற்கள். ஆழம் 79 மீட்டர். 2007-ல் தொலைக்காட்சி வாக்கெடுப்பில் பிரிட்டனின் பிரியமான காட்சி என்று தேர்ந்தெடுத்தார்கள். அதே பள்ளத்தாக்கில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வில் ரிட்சன் என்ற விடுதிக்காரர் இருந்தார். எங்கள் ஊர் டர்னிப்பைக் குடைந்து சாப்பிட்டுவிட்டு மீதியை ஆட்டுக்கொட்டகையாக வைத்துக்கொள்வோம் என்று அளந்தவர். அவர் நினைவாகச் சான்டன் பிரிட்ஜில் வருஷாவருஷம் உலக மகா பொய்யர் போட்டி. அரசியல்வாதிகளுக்கும் வக்கீல்களுக்கும் அனுமதி இல்லை, தொழில்முறைக்காரர்கள் என்பதால். "வண்டி பிரமாதமா ஓடும்னானே அந்தத் தம்பி, அவனை அனுப்பலாம்" என்றார் அப்பா.

பூட்டிலிருந்து, வாஸ்ட்வாட்டர் இருக்கும் பள்ளத்தாக்கான வாஸ்டேலுக்கு மலைமேட்டின் வழியாக நடைபாதையும் உண்டு. வாஸ்டேலில் அடக்கம் செய்ய இடமில்லாத காலத்தில் பிணங்களைக் குதிரைமேல் கட்டி இந்தப் பாதையில் பூட் தேவாலயத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு இளைஞனின் பெட்டியோடு மூடுபனியில் மிரண்டோடிய குதிரை திரும்பவே இல்லை என்று கதை. நான் மட்டும் நடுவிலிருக்கும் பர்ன்மூர் குளம்வரை போனேன். தெளிந்த வானத்தோடு கிளம்பினேன், குளத்தை அடைந்தபோது எதிர்க்கரை தெரியவில்லை. பாதை சேற்றில் கரைந்துபோகும் இடங்கள் உண்டு. நீர்புகாத பூட்ஸ், ஆர்ட்னன்ஸ் சர்வேயின் ஓஎல்6 எண் வரைபடம், திசைகாட்டி, இல்லையென்றால் கிளம்ப வேண்டாம். அவசரத்துக்கு 999 அழைத்துக் காவல்துறையைக் கேட்டு, பிறகு மவுன்டன் ரெஸ்க்யூ என்று சொல்ல வேண்டும். தன்னார்வலர்கள், கட்டணம் வாங்குவதில்லை. பேச முடியாத அளவு சிக்னல் பலவீனமாக இருந்தாலும் 999-க்கு எஸ்எம்எஸ் போகலாம், ஆனால் அதற்கு முன்னதாகவே ‘ரெஜிஸ்டர்’ என்ற ஆங்கிலச் சொல்லை அந்த எண்ணுக்கு அனுப்பிப் பதிந்திருக்க வேண்டும். வீட்டிலிருந்தபடியே இன்றைக்கே செய்துவிடலாம். பெரணிப் புதருக்குள் நடந்துவந்தால் இரவில் காலிலும் முட்டிக்குப் பின்னாலும் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். லைம் நோய் அதன்மூலம்தான் வரும்.

சாப்பாட்டு விஷயம். பூட்டில் மளிகை வாங்கப் பெரிய கடை கிடையாது. பப்களில் மதியம் இரண்டு மணிவாக்கில் அடுப்பை அணைத்தால் மாலைதான் மறுபடி. சைவம் என்றால் வேகவைத்த உருளைக்கிழங்கு, சீஸ் வெங்காயப் பை, சூப், அவ்வளவுதான். அம்மா பெட்டியில் குட்டி குக்கரும் பருப்புப் பொடியும் ரவையும் கொண்டுவந்திருந்ததால் தப்பித்தோம். சமையலறை உள்ள வீடாகப் பிடியுங்கள், அரிசி பருப்பு பால் எல்லாம் வரும் வழியிலேயே வாங்கிவிடுங்கள்.

திரும்பும்போது ரயிலிலேயே வந்தோம். டேல்கார்த்தில் சின்ன ரயில் ஏறி ராவன்கிளாஸில் இறங்கினால் பெரிய ரயில் நிலையம் அடுத்த வாசல்தான். அங்கிருந்து கம்ப்ரியக் கடற்கரைப் பாதையில் பாரோ, பிறகு லங்காஸ்டர், மான்செஸ்டர். மோர்கம் விரிகுடாவின் ஓரமாக, தண்ணீருக்கு மேல் நீண்ட பாலங்களில் ரயில் போகும். தெற்கே போகும்போது வலப்பக்க ஜன்னல். போகும்போதே இப்படிப் போயிருந்தால் கணவாயும் இல்லை, கவுன்டர் பையனும் இல்லை. காரில்தான் போவேன் என்பவர்கள் எம்6 சாலையில் 36-ஆம் சந்திப்பில் விலகி, ஏ590, ஏ595 பிடித்து ஹோம்ரூக் போய் எஸ்க்டேலுக்குள் திரும்புங்கள். சாட்நாவில் பூட் என்று போடாமல் முதலில் ஹோம்ரூக் என்று போட்டால்தான் அது மலைமேல் ஏற்றாது. ஞாயிற்றுக்கிழமைகளில் கடற்கரைப் பாதையில் ரயில்கள் குறைவு. வெள்ளி போய்த் திங்கள் திரும்புவதுபோல் வைத்துக்கொண்டால் அந்தக் கவலையும் இல்லை.